டயப்பர் வாங்கிவரும் மகன்களுக்கு

அண்ணன் தம்பிகளே,

மெடிக்கல் ஷாப் வாசலில் உங்களை அடிக்கடி பார்க்கிறேன். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பீர்கள். இருமல் மருந்து வாங்க வந்தவர் போனதும் குரலைத் தாழ்த்தி, "பெரியவங்களுக்குப் போடுற டயப்பர் இருக்கா?" என்பீர்கள். கடைப்பையன் குரலைத் தாழ்த்துவதில்லை. "என்ன சைஸ் சார்? பேன்ட்டா, ஒட்டுறதா?" இரண்டு கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்காது. "பெருசாவே குடுப்பா" என்று சொல்லிவிட்டு, கறுப்புக் கவரில் வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள்.

ஏழு மாதம் நானும் அப்படித்தான் வாங்கினேன். அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயதில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவர் இடுப்பில் டயப்பர் இருந்தது. அதற்கு முன்பு இருந்ததில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் இனி என்று ஆகிவிட்டது. வாங்கி வருவது என் வேலை, மாற்றுவது என் மனைவியின் வேலை. இந்தப் பங்கீட்டைப் பேசி முடிவு செய்ததாக எனக்கு நினைவில்லை. உங்கள் வீட்டிலும் பேசியிருக்க மாட்டீர்கள்.

பிறகு மகளின் பிரசவத்துக்காக என் மனைவி ஓசூர் போனாள். நாற்பத்தைந்து நாள். பகலில் உதவிக்கு ஒரு அம்மா வந்தார். இரவுக்கு நான்.

முதல் இரவு இரண்டு மணிக்கு அப்பா முனகினார். விளக்கைப் போட்டுப் பார்த்தால் வேட்டி, பெட்ஷீட், மெத்தையின் நடுப்பகுதி எல்லாம் ஈரம். டயப்பரைக் கழற்றிக் கையில் எடுத்தேன். முன்பக்கம் கொஞ்சம் உப்பியிருந்தது. பின்பாதி அப்படியே காய்ந்து கிடந்தது. வாங்கிய பொருள் வேலை செய்யவே இல்லை. நீர் அதற்குள் போகாமல், தொடையோரம் இருந்த இடைவெளி வழியாக வெளியே போயிருக்கிறது. இத்தனை நாளும் "கம்பெனி மட்டம், லீக் ஆகுது" என்று நான் கம்பெனியை மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டியிருந்தது சைஸை.

அப்பா வாட்டசாட்டமான ஆள் என்பது என் மனதில் இருந்த படம். படுக்கையில் ஏழு மாதம் கிடந்து உடம்பு கரைந்துபோனது என் கண்ணில் படவில்லை. வாழ்நாள் முழுக்க வேட்டி கட்டிய மனிதருக்கு இடுப்பளவு என்று ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. புடவை கட்டும் அம்மாக்களுக்கும் அப்படித்தான். மறுநாள் காலை தையல் டேப் வாங்கி வந்து அளந்தேன். தொப்புள் மட்டத்தில் ஒரு சுற்று, பிட்டம் அதிகம் பருத்திருக்கும் இடத்தில் ஒரு சுற்று. இரண்டில் எது பெரிதோ அதுதான் கணக்கு. அப்பாவுக்கு முப்பத்தேழு அங்குலம். நான் வாங்கிக்கொண்டிருந்தது எக்ஸ்எல். பாக்கெட்டின் பின்பக்கம் அங்குலக் கணக்கு அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல் ஆக இருக்கும். பெரிதாக வாங்கினால் அதிகம் தாங்கும் என்பது செருப்பைப் பெரிதாக வாங்கினால் வேகமாக நடக்கலாம் என்பதைப் போன்றது. ரொம்பச் சின்னதும் ஆகாது, தொடை மடிப்பில் அறுக்கும்.

அடுத்தது, பேன்ட்டா ஒட்டுறதா. நான் பேன்ட் வகைதான் வாங்கினேன். விளம்பரத்தில் அதுதான் வந்தது; ஒட்டுகிற வகையைப் பார்த்தால் நோயாளிக்கானது மாதிரி இருந்தது. விலையும் பேன்ட்டுக்குத்தான் கூடுதல். கூடுதல் விலை கொடுப்பதே பாசம் என்றும் கொஞ்சம் நினைத்திருப்பேன். எழுந்து நிற்க முடிகிற, கைப்பிடித்தாவது பாத்ரூம் போகிற ஆளுக்கு பேன்ட் அருமையான பொருள். தானே இறக்கி ஏற்றிக்கொள்ளலாம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அதை மாட்ட வேண்டுமென்றால் இரண்டு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, நுழைத்து, இடுப்பைத் தூக்கி மேலே இழுக்க வேண்டும். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி அறுபத்தைந்து கிலோ உடம்பை ஒரு நாளைக்கு நான்கு முறை இப்படித் தூக்கியிருக்கிறாள். அவளுடைய முதுகுவலிக்கு நான் தைலம் வாங்கி வந்து கொடுத்தேன்.

படுத்திருப்பவருக்கு ஒட்டுகிற டயப்பர்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாதியை முதுகுப்பக்கம் சுருட்டி நுழைத்து, மறுபக்கம் புரட்டினால் முடிந்தது, தூக்கவே வேண்டாம். போடுவதற்கு முன்னால் நீளவாக்கில் மடித்து ஒரு முறுக்கு முறுக்கினால் நடுவில் ஓடம் மாதிரி குழி விழும். உள்ளே இரண்டு ஓரமும் நிற்கிற சுருக்குத் துணியை விரலால் நிமிர்த்திவிடுங்கள். அது மடங்கிக் கிடந்தால் கரையில்லாத வாய்க்கால்தான். கீழ்ப் பட்டையை முதலில் சற்று மேல்நோக்கி ஒட்டி, மேல்பட்டையைச் சற்றுக் கீழ்நோக்கி ஒட்டினால் தொடையைச் சுற்றி நன்றாகப் பிடிக்கும். இன்னொன்றை எந்தப் பாக்கெட்டிலும் பார்க்கவில்லை, பகலில் வந்த அம்மாதான் வெட்கப்படாமல் சொன்னார்: ஆண்களுக்கு உறுப்பைக் கீழ்நோக்கி வைத்துத்தான் மூட வேண்டும். மேலே பார்த்தபடி இருந்தால் எவ்வளவு உயர்ந்த டயப்பரும் வயிற்று வழியாகத்தான் கசியும். அந்த ஒரு வாக்கியத்தோடு மெத்தை நனைவது பாதி நின்றது.

அடுத்து, எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி. பாக்கெட்டில் 1,000 மில்லி, 1,500 மில்லி என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். இந்தத் துறையில் ஐஎஸ்ஓ 11948 என்றொரு சோதனை உண்டு. முழு டயப்பரையும் உப்புநீரில் ஊறவைத்து, வடியவிட்டு, எடை போடுவார்கள். மனிதர் அப்படி ஊறுவதில்லை. ஓரிடத்தில், சில நொடிகளில், இருநூறு முந்நூறு மில்லி பாய்கிறது. அதன்மேல் உடம்பின் பாரம் அழுத்துகிறது. ஆக, எழுதியிருப்பதைவிட எப்போதும் குறைவாகத்தான் தாங்கும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி சோடியம் பாலிஅக்ரிலேட். வெறும் தண்ணீரென்றால் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சிக் களியாகும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அந்தத் திறன் பல மடங்கு குறைந்துபோகும்.

அப்பாவுக்கு எவ்வளவு தேவை என்று கண்டுபிடிக்க நான் செய்தது ஒரு சின்ன வேலை. புது டயப்பரை எடை போட்டேன், கழற்றியதைக் கவரில் சுற்றி எடை போட்டேன். வித்தியாசம் எத்தனை கிராமோ கிட்டத்தட்ட அத்தனை மில்லி. (சமையலறைத் தராசைத் தொடாதீர்கள். யாருக்கும் தெரியாமல் போகும் என்று நினைத்தேன், மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது.) மூன்று நாள் குறித்ததில் பகலில் ஒவ்வொரு முறையும் இருநூறு சில்லறை, இரவு மட்டும் எழுநூறு. வயதானவர்களுக்கு இரவில் நீர் அதிகமாகச் சுரப்பது இயல்பு. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி வருகிறது. இருபத்துநாலு மணி நேரத்துக்கும் ஒரே தடிமனில் வாங்கிக்கொண்டிருந்த நான், இரவுக்குக் கனமானதும் பகலுக்கு மெல்லிசானதும் என்று இரண்டு வகை வாங்கினேன். செலவு கூடவில்லை, கொஞ்சம் குறைந்தது.

இரவு தாங்கவில்லை என்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பதன் வெளிப்புறம் பிளாஸ்டிக். அது நிரம்பினால் நீர் அடுத்ததற்குப் போகாது, ஓரமாக வழியும். உள்ளே வைக்கவென்றே பிளாஸ்டிக் அடி இல்லாத பட்டை கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். மாதவிடாய் நாப்கினும் இதற்கு உதவாது. அது கொஞ்சம் கொஞ்சமாக வரும் கெட்டியான ரத்தத்துக்குச் செய்தது. மூத்திரத்தின் வேகத்தை வாங்காது, வாங்கினாலும் மேலே ஈரமாகவே இருக்கும். மெத்தைமேல் விரிக்கும் அண்டர்பேட் மெத்தையைக் காப்பதற்கு, ஆளைக் காப்பதற்கு அல்ல. ரப்பர் ஷீட்டை உடம்பு நேராகப் படும்படி விரிக்காதீர்கள். வியர்த்து வேகும்.

இவ்வளவும் சொன்னாலும், நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இவருக்கு டயப்பர் வேண்டுமா?

எங்கள் வீடு மாயவரம் பக்கத்துப் பழைய வீடு. கக்கூஸ் கொல்லையில். முற்றம் தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி, மூன்று படி இறங்கிப் போக வேண்டும். பக்கவாதம் வந்தவர் மட்டுமல்ல, முட்டிவலிக்காரரும் அங்கே போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிடுவார். அவருக்குப் பழுது மூத்திரப்பையிலா, வீட்டின் அமைப்பிலா? பிசியோதெரபிக்கு வந்த தம்பி ஒரு நாள், "அய்யாவுக்கு ஒண்ணுக்கு வர்றது தெரியுதா சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவையே கேட்டோம். தெரியும் என்று தலையாட்டினார். பேச்சு குழறுவதால் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் டயப்பர் இருக்கிறதே, போகட்டும் என்று நாங்கள் விட்டிருப்போம். அன்று முதல் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டு யூரின் பாட்டை வைத்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு சேர் வந்தது. இடது கைக்கு எட்டும்படி ஒரு மணி. ஒரு மாதத்தில் பகல் டயப்பர் பெரும்பாலும் காய்ந்தே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாமல் போட்டதை நாங்கள் வைத்தியம் என்று நினைத்துத் தொடர்ந்திருக்கிறோம்.

எல்லாருக்கும் ஒரே காரணம் இருக்காது. என் அத்தை ஒருத்தி பன்னிரண்டு வருடம் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். தும்மினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் கசியும். உள்பாவாடைக்குள் துணி மடித்து வைத்துக்கொள்வாளாம். செத்த பிறகு அவள் மகள் சொல்லித்தான் தெரியும். அவளுக்குப் பெரிய டயப்பர் தேவைப்பட்டிருக்காது. உள்ளாடையில் ஒட்டும் சின்ன பேடும், இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் போதுமாக இருந்திருக்கலாம். அமெரிக்க மகளிர் மருத்துவர் கேகல் அந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியது 1948இல். கர்ப்பப்பை இறங்கியிருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு.

திடீரென்று நேற்றுவரை இல்லாமல் இன்று தொடங்கினால் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல், ஏறிப்போன சர்க்கரை, புதிதாக எழுதிக்கொடுத்த நீர் மாத்திரை என்று எதுவாகவும் இருக்கும். நீர் மாத்திரையை எந்த நேரத்தில் கொடுப்பது என்று கேட்டாலே சில வீடுகளில் இரவுகள் அமைதியாகிவிடும். ஆண்களுக்கு முக்கியமாக ஒன்று: நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, அடிவயிறு கல் மாதிரி இறுகியிருந்தால், பை காலியாக முடியாமல் வழிகிறது என்று அர்த்தம். புராஸ்டேட் அடைப்பாக இருக்கலாம். அதன்மேல் டயப்பரைப் போட்டு மூடினால் சிறுநீரகம் கெடும். "டியூப் போட்டுடுங்க டாக்டர், தொந்தரவு விட்டுச்சு" என்று கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே போகும் குழாய் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு வழி திறந்து வைக்கிறது. நம் வசதிக்காகப் போடுவதல்ல அது. ஆண்களுக்கு வெளியே மாட்டும் உறை வகை உண்டு. அதற்கும் அளவு பார்க்க வேண்டும், தினமும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும், நர்ஸ் ஒருமுறை கற்றுக்கொடுக்க வேண்டும்.

தண்ணீரைக் குறைத்தால் டயப்பர் செலவு குறையும் என்ற கணக்கும் நம் வீடுகளில் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொம்பு மட்டும் கட்டிலைவிட்டுத் தள்ளிப்போகும். நீர் கெட்டியானால் பை எரிச்சல் கண்டு இன்னும் அவசரப்படுத்தும், மலம் இறுகும், பெரியவர்கள் குழம்பிப் பேச ஆரம்பிப்பார்கள். டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தால் தவிர, பகலில் தாராளமாகக் கொடுங்கள். படுக்கப்போவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலிருந்து குறையுங்கள், போதும்.

தோலைப் பற்றி என் மனைவியிடம் தொலைபேசியில்தான் பாடம் கேட்டேன். பவுடர் போடாதே என்றாள் முதலில்; நான் டப்பாவைக் கையில் வைத்திருந்தேன். ஈரத்தில் பவுடர் மணல் மாதிரி திரண்டு மடிப்பை உரசும். மலமும் மூத்திரமும் சேர்ந்து தோலில் கிடப்பதுதான் மிக மோசம். மூத்திரத்தின் அமோனியா தோலின் புளிப்புத்தன்மையைக் கெடுக்க, மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் அதில் வேகம் பிடித்துத் தோலையே தின்ன ஆரம்பிக்கும். எனவே மலம் போனால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும், "இன்னும் ரொம்பலையே" என்று பார்க்கக்கூடாது. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, துத்தநாகக் களிம்பை மெல்லிசாகத் தடவினால் போதும். அப்பினால் அது டயப்பரின் மேல்துணியை அடைத்து உறிஞ்சவிடாது. தொடை மடிப்பில் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேறு மருந்து. பகலில் ஒரு மணி நேரமாவது அண்டர்பேட் மேல் திறந்து விடுங்கள். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டுங்கள். எவ்வளவு நல்ல டயப்பரும் படுக்கைப் புண்ணைத் தடுக்காது.

காசைப் பற்றிப் பேசாமல் இதையெல்லாம் சொல்வது நியாயமில்லை. ஒன்று நாற்பது ரூபாய் என்று வைத்து நாளைக்கு மூன்று போட்டால் மாதம் 3,600. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதில் பத்து நாள் டயப்பர் வரும். சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலையில் ஜிஎஸ்டியை முழுவதுமாக எடுத்தார்கள். டயப்பர் 12 விழுக்காட்டிலேயே கிடந்து, 2025 செப்டம்பர் 22 முதல்தான் 5 ஆனது. முதியவர்களுக்காகக் கொடிபிடிக்க யாருமில்லை போலும். வசதி இல்லாத வீட்டில் பழைய வேட்டித் துணி கேவலமில்லை. பகலில் விழித்திருக்கும்போது, உடனே மாற்ற ஆள் இருந்தால், நான்காக மடித்த பருத்தித்துணி தோலுக்கு நல்லதும்கூட. வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும். துணி மிருதுவாக்கும் திரவத்தில் முக்கினால் உறிஞ்சாது. ஆனால் அந்தத் துணியைத் துவைப்பது யார் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவுக்கு மட்டும் டயப்பர் என்றால் மாதக் கணக்கு மூன்றில் ஒன்றாகும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க வீட்டுக்கே நர்ஸும் பிசியோவும் வருகிறார்கள். உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கழற்றியதை என்ன செய்வது? மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, உள்பக்கமாகச் சுருட்டி, அதன் பட்டையாலேயே ஒட்டி, தாளில் சுற்றித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே சொல்லின. அதற்குரிய பையைக் கம்பெனி தர வேண்டும் என்றும் சொல்லின. என் கையில் இதுவரை ஒரு பையும் வரவில்லை. வாய்க்காலில் எறியாதீர்கள், கொளுத்தாதீர்கள். வெறுங்கையால் அதைப் பொறுக்குகிறவரும் யாரோ ஒருவரின் அப்பாதான்.

அம்மாவுக்கு என்றால் விஷயம் கொஞ்சம் வேறு. நீங்கள் மாற்றத் தயாராக இருக்கலாம். அவருக்கு அது மரணவேதனையாக இருக்கலாம். அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல், சம்பளம் கொடுத்து ஒரு பெண்ணை வையுங்கள், செலவு உங்களுடையது. யார் மாற்றினாலும் கதவைச் சாத்திவிட்டு மாற்றட்டும். "குழந்தை மாதிரி ஆயிட்டார்" என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லாதீர்கள். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்டது. மூன்றாம் வாரம் ஒரு இரவு, மாற்றி முடித்து வேட்டியை இழுத்து விட்டபோது, இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடாமல் இருந்தார். நன்றியா, கூச்சமா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

நாற்பத்தைந்து நாள் கழித்து என் மனைவி வந்தாள். பெட்டியைக்கூட இறக்கவில்லை, நேராக மாமாவிடம் போய்ப் பார்த்தாள், தொடை மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அலமாரியைத் திறந்தாள். அடுக்கி வைத்திருந்த பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தையல் டேப் கதையிலிருந்து தராசுக் கதைவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். கண்டுபிடித்தவன் தோரணை என் குரலில் இருந்திருக்க வேண்டும். கேட்டு முடித்ததும் தன் போனை எடுத்து, எனக்கு அனுப்பிய மளிகை லிஸ்ட்டுகளை மேலே மேலே தள்ளி, அப்பா வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரத்தில் நிறுத்தி என் முன்னால் நீட்டினாள்.

துவரம்பருப்பு ஒரு கிலோ. நல்லெண்ணெய் அரை லிட்டர். மாமாவுக்கு டயப்பர், ஒட்டுறது, எம் சைஸ்.

பக்கத்தில் இரண்டு நீல டிக்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்